மைக்கேல் புப்ளேயின் ‘இட்ஸ் டைம்’: ஒரு பேண்டு செட் டிரம்பெட்காரன் கேட்டது

முதல் பாட்டு தொடங்கி அரை நிமிடத்துக்கு மேல் ஆகியும் டிரம்பெட் வாயைத் திறக்காது. வயலின்கள் அடியில் லேசாகப் படர்ந்து கிடக்கும். அதன் மேல் ஒரே ஒரு ஆண்குரல், தாளக்கட்டு இல்லாமல், பறவை, சூரியன், காற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். நான் ஊதுகிறவன். கடலூர் முதுநகரில் ஒரு பேண்டு செட்டில் 26 வருடமாக டிரம்பெட். யாராவது ஒரு பாட்டை எடுத்தாலே என் உதடு தானாகக் கூடிவிடும். அந்த அரை நிமிடம் எனக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பது மாதிரி. கடைசிச் சொல்லைக் குரல் விட்டதும் மொத்தப் பித்தளை வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்ந்து, மாடிப்படி இறங்குகிற மாதிரி கனமாக இறங்கும். இத்தனை வருடம் கேட்டும் அந்த இடத்தில் இன்னும் எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது.

அந்தப் பாட்டு ‘ஃபீலிங் குட்’. ஆல்பம் ‘இட்ஸ் டைம்’. பாடியவர் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் புப்ளே. 2005 பிப்ரவரியில் வந்தது, மொத்தம் 13 பாட்டு. டேவிட் ஃபாஸ்டர், ஹம்பர்டோ கட்டிக்கா, டாமி லிபூமா மூவரும் தயாரிப்பு. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் இதன் சிடியைப் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையது ஐந்தாவது பாட்டில் கீறல் விழுந்து தாவ ஆரம்பித்துவிட்டது. தபாலில் வந்த புதியதன் டப்பா மூலையில் விரிசல், தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பகலில் எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் எங்கள் மெஷினும் முக்கால்வாசி நேரம் சும்மா கிடக்கும். செட்டு ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக, கருவி கருவியாகப் பிரித்துக் கேட்க எனக்கு நேரம் கிடைத்தது. ஊதுகிற, தட்டுகிற, மேடையில் பாடுகிற நம்ம ஆட்கள் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இது எந்த வகைப் பாட்டு என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மைக் வருவதற்கு முன்னால் நம் நாடக மேடையில் கிட்டப்பா எந்த ஸ்தாயியில் பாடினார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதனால் உச்சத்தில் நின்று பாட வேண்டும். அமெரிக்காவிலும் அதே கதைதான். 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதன் பிறகு கத்தத் தேவையில்லாமல் போயிற்று. மைக்குக்குப் பக்கத்தில் வந்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரிடம் பேசுவது போலப் பாடத் தொடங்கினார்கள். அப்படிப் பாடுகிறவரைத்தான் குரூனர் என்பார்கள். பிங் கிராஸ்பி, அவருக்குப் பின் ஃபிராங்க் சினாட்ரா. நம் பக்கம் ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீனிவாஸும் செய்தது இதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. பி.பி.எஸ். பாட்டை ஹெட்போனில் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

சினாட்ரா 1940-லிருந்து 1942 வரை டாமி டார்சியின் பேண்டில் பாடினார். டார்சி டிராம்போன் வாசிப்பவர், குழலை நீட்டி இழுத்து ஊதுகிற பித்தளை வாத்தியம் அது. மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தெரியாமல் நீண்ட வரிகளை ஊதுவார். அவர் முதுகைப் பார்த்துப் பார்த்தே தான் மூச்சுக் கற்றுக்கொண்டதாகச் சினாட்ரா சொல்லியிருக்கிறார். பாட்டுக்காரர் ஒருவர் ஊதுகிறவரிடம் மூச்சுக் கற்றார் என்பதை எங்கள் செட்டில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

புப்ளே இந்தப் பள்ளியில் வந்தவர். 1975-ல் பிறந்தவர். இத்தாலியிலிருந்து கனடாவுக்கு வந்த தாத்தா ஒரு பிளம்பர். பேரனுக்கு இந்தப் பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டியது அவர்தான். கிளப்களில் பேரன் நாலு பாட்டுப் பாட இடம் கொடுத்தால் குழாய் வேலையை இலவசமாகச் செய்து தருகிறேன் என்று பேசி மேடை வாங்கிக் கொடுத்திருக்கிறார். 2000-ல் கனடாவின் முன்னாள் பிரதமர் மல்ரோனியின் மகள் கல்யாணத்தில் பாடினார். அங்கேதான் டேவிட் ஃபாஸ்டர் கண்ணில் பட்டார். கல்யாணத்தில் பாடி முன்னுக்கு வந்தவர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு இவர் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஸ்விங் என்றால் என்ன மாமா என்று என் அக்கா மகன் கேட்டான். அவனும் இப்போது டிரம்பெட் பிடிக்கிறான். ஒரு தட்டைச் சமமாக இரண்டாக வெட்டினால் மார்ச். அதே தட்டைத் ‘தகிட’ என்று மூன்றாக வைத்துக்கொண்டு, ‘தகி’யைச் சேர்த்து இழுத்து ‘ட’வை மட்டும் உதிர்த்தால் ஸ்விங். நாலு தட்டில் எங்கள் பேஸ் டிரம் ஒன்றிலும் மூன்றிலும் விழும். இதில் ஹை-ஹாட், அதாவது காலால் மிதித்து மூடுகிற ஜோடித் தாளம், இரண்டிலும் நாலிலும் மூடும். அடியில் டபுள் பாஸ் என்கிற, நிற்க வைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம் தட்டுக்கு ஒரு சுரமாக நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். வாயால் சொன்னால் இவ்வளவுதான். பையனுக்கு அது காலில் இறங்க மூன்று வாரம் ஆயிற்று.

இந்த ஆல்பத்தில் ஸ்விங் கற்றுக்கொள்ள ஏற்ற பாட்டு ‘எ ஃபாகி டே’. ஜார்ஜ் கெர்ஷ்வின், ஐரா கெர்ஷ்வின் சகோதரர்கள் 1937-ல் ஃபிரெட் அஸ்டைர் நடித்த ஒரு படத்துக்காக எழுதியது. புப்ளேயின் குரல் இங்கே தட்டுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. தாமதமாகிவிட்டதோ என்று நினைக்கிற நேரத்தில் வரியின் கடைசிச் சொல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். சொற்களின் ஓரம் தேயாமல் உச்சரிக்கிறார். ஆங்கிலம் எனக்குத் தத்தித் தத்தித்தான் வரும், ஆனாலும் இவர் பாடினால் ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ள முடிகிறது. அந்தக் குரல் நிறுத்துகிற இடத்தில் மட்டும்தான் பித்தளை நுழையும். இரண்டு சுரம், மூன்று சுரம், சட்டென்று விலகிவிடும். குரலுக்கு அடியில் யாரும் ஊதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சுமார் 15 வருடத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு ரிசப்ஷன். பாட வந்தது ஒரு காலேஜ் படிக்கிற பெண். ஒரே மைக். நாங்கள் ஏழு பேர் ஊதினோம், இரண்டு பேர் தட்டினார்கள். இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் வாயசைப்பது தெரிந்தது, குரல் எங்களுக்கே கேட்கவில்லை. எங்களுக்கு மேல் கேட்க வேண்டும் என்று அது இன்னும் ஏறிப் பாட, மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. திரும்பி வரும்போது வேனில் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னியக்கோயில் தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பாடறவங்க வாயைத் தொறந்தா நம்ம வாயை மூடணும். இது யாரும் சொல்லித் தரலியாடா உங்களுக்கு?”

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே, “நான்தான் சொல்லித் தந்திருக்கணும்” என்றார். மறுநாள் செட்டு ரூமில் இந்த சிடியைத்தான் போட்டேன். மாஸ்டர் முதல் பாட்டை மூன்று தடவை கேட்டார். அதிலிருந்து எங்கள் செட்டில் பாட்டுக்காரர் இருந்தால் சரணத்துக்கு அடியில் கிளாரினெட் மட்டும்தான், அதுவும் கீழ் ஸ்தாயியில்.

மற்றப் பாட்டுகளில் ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’ பற்றி ஒரு விஷயம். 1960-ல் டிரிஃப்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழு பாடிப் பெயர் பெற்றது. எழுதியவர்களில் ஒருவரான டாக் போமஸ் சின்ன வயதில் போலியோ வந்தவர். தன் கல்யாணத்தன்று மனைவி மற்றவர்களோடு ஆடுவதை உட்கார்ந்து பார்த்ததை நினைத்து எழுதியது. யாரோடு வேண்டுமானாலும் ஆடு, கடைசி ஆட்டத்தை எனக்கு வை என்கிற பாட்டு. புப்ளே இதை லத்தீன் தாளத்தில் துள்ளலாகப் பாடுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது, கால் ஆடுகிறது. ஆனால் அந்தக் கதை தெரிந்த பிறகு எனக்கு இந்த வேகம் ஒப்பவில்லை. ஒரு சரணத்தையாவது அடக்கிப் பாடியிருக்கலாம்.

கோல் போர்ட்டர் 1936-ல் எழுதிய ‘ஐ ஹாவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’ பாட்டை எடுத்தது துணிச்சல். சினாட்ரா 1956-ல் நெல்சன் ரிடிலின் வாத்திய அமைப்பில் பாடியதும், அதன் நடுவில் மில்ட் பெர்ன்ஹார்ட் ஊதிய டிராம்போனும் கேட்டவர்கள் காதை விட்டுப் போகாது. புப்ளே குறையில்லாமல்தான் பாடியிருக்கிறார். இருந்தாலும் முடிந்ததும் நான் பழையதைத்தான் தேடிப் போட்டேன். பீட்டில்ஸ் பாட்டை ஸ்விங்காக மாற்றியதும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கடைசிப் பாட்டில் வயலின்கள் குரலை மூடுகிற அளவுக்கு வந்துவிடுகின்றன. முதல் பாட்டில் அத்தனை அடக்கம் காட்டியவர்கள் இங்கே ஏன் இப்படிக் கொட்டினார்கள் என்று வருத்தமாக இருந்தது. நெல்லி ஃபர்டாடோவோடு சேர்ந்து பாடிய இத்தாலியப் பாட்டு இதம். மாலையில் டீ குடிக்கும்போது போடலாம்.

13-ல் ஒரே ஒரு பாட்டுதான் புப்ளே தானும் சேர்ந்து எழுதியது. ஐந்தாவது, ‘ஹோம்’. அலன் சாங், ஏமி ஃபாஸ்டர்-கில்லிஸ் இருவரோடு சேர்ந்து எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஒருவன், சுற்றிலும் லட்சம் பேர் இருந்தும் தனியாக இருக்கிறேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். இதில் ஸ்விங் இல்லை, பித்தளை ஆர்ப்பாட்டம் இல்லை. மெதுவான பாட்டு.

நான் இந்த ஆல்பத்தில் முதலில் கேட்டது இந்தப் பாட்டைத்தான். எங்கள் வீடு அப்போது தேவனாம்பட்டினத்தில். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வீடு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. என் டிரம்பெட் மூன்று நாள் கழித்து ஒரு வேலி முள்ளில் கிடைத்தது. மூன்று பிஸ்டனும் இறுகிப்போய், மணி வாய் முழுக்க மண். அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தோம். கோடை வந்ததும் அந்தத் தார் ஷீட் பகலில் கொதிக்கும். உள்ளே உட்கார முடியாது. கொட்டகைகளைக் கட்டவும் குடிதண்ணீர்த் தொட்டி வைக்கவும் வந்த வெளிநாட்டுத் தொண்டர்களில் ஒருவர் சாயங்காலம் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவார். ஜீப் நிழலில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பாட்டில் எனக்கு அன்று புரிந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு முறையும் அவர் அதை நீட்டுகிறார், ஆனால் ஏற்றவில்லை. சோகத்தை அழுத்திக் காட்ட வேண்டிய இடம், யாராக இருந்தாலும் அங்கே குரலை உடைத்துக் காட்டுவார்கள். இவர் அதைச் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல வைத்துவிட்டுப் போகிறார். என் அம்மா அன்றுவரை ஆங்கிலப் பாட்டே கேட்டதில்லை. ஜீப் பக்கம் வந்து நின்று, “இன்னா தம்பி சொல்றான் அவன்?” என்று அந்தத் தொண்டரைத் தமிழிலேயே கேட்டார். அவர் அரைகுறைத் தமிழில் “வீட்டுக்குப் போகணும்மா” என்றார். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் தானே வந்து ஜீப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தொண்டர் சிடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் அப்போது அதைப் போடக் கருவி கிடையாது. டிரம்பெட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மாஸ்டர்தான் பிஸ்டன்களை விடுவித்துக் கொடுத்தார். அது சரியானதும் நான் முதலில் ஊதிப் பார்த்தது ‘ஹோம்’ மெட்டு. 2006-ல் கனடாவின் ஜூனோ விருதில் இது அந்த ஆண்டின் சிறந்த தனிப்பாட்டு, ஆல்பம் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம். எனக்கு இதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

சொந்தப் பாட்டு ஒன்றுதான் என்பது இந்த ஆல்பத்தின் பெரிய குறை. இவ்வளவு அடக்கமாகத் தன் சொல்லைச் சொல்லத் தெரிந்தவர் இன்னும் இரண்டு மூன்றாவது எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். 2007, 2009 ஆல்பங்களில் சொந்தப் பாட்டுகள் உண்டு, துள்ளலாக நன்றாகவே இருக்கும். ‘ஹோம்’ மாதிரி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

டிரம்பெட்காரர்கள் விடக்கூடாதது பதினோராவது பாட்டு. லியோன் ரஸ்ஸல் 1970-ல் எழுதியது, இங்கே புப்ளேயோடு டிரம்பெட் ஊதுகிறவர் கிறிஸ் போட்டி. ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்கின் குழுவில் வாசித்தவர், ‘மார்ட்டின் கமிட்டி’ என்ற பழைய மாடல் டிரம்பெட் வைத்திருப்பவர். நம் தெருவில் ஊதுகிற ஊதலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உதட்டில் காற்று படுகிற சத்தம் கேட்கிறது. சுரம் எங்கே தொடங்கியது என்று தெரியாது, இருப்பது மட்டும் தெரியும். தெருவில் நூறு பேருக்குக் கேட்க ஊதிப் பழகிய உதட்டால் இப்படி ஊதுவது லேசல்ல. அழுத்தத்தைக் குறைத்தால் சுரம் கீழே விழும். வயிற்றில் பிடிப்பு இருந்து, உதட்டில் அது தெரியாமல் இருக்க வேண்டும். தடைக்காலம் முழுக்க தினம் அரை மணி நேரம் இதைத்தான் பழகினேன். குரல் ஒரு வரி, டிரம்பெட் ஒரு வரி என்று கணக்குப் பிரிக்காமல் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் முடிக்கிற மூச்சில் மற்றவர் தொடங்குகிறார்.

எதில் கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டுப் போய்விடும். டபுள் பாஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஃபோன் ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. அந்த நடை கேட்காவிட்டால் குரல் எதற்குப் பின்னால் வருகிறது என்பது புரியாது. செட்டு ரூமில் பழைய இரண்டு பெட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் கேட்டேன். இல்லாதவர்கள் காதை மூடுகிற ஹெட்போனில் கேளுங்கள். சிடி வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆன்லைனிலும் கிடைக்கிறது. நான் வாங்கியது, பழையதைக் கொடுத்தவருக்காக.

அப்பாவுக்கு இப்போது 74. கண் மங்கிவிட்டது, காது நன்றாக இருக்கிறது. மே மாதம் ஒரு நாள் செட்டு ரூமுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் ஃபோனில் படித்துவிட்டுச் சொன்னான்: “தாத்தா, இந்தப் பாட்டுக்காரர் அப்பாவும் மீன்பிடிக்காரராம். சால்மன் மீனு. இவரும் 14 வயசிலேர்ந்து ஆறு வருசம் கோடையில அப்பாவோட போட்டுல வேலைக்குப் போயிருக்காராம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கடலுக்குப் போனவனா? மறுபடி போடு.”

முதல் பாட்டை மறுபடி போட்டேன். அந்த அரை நிமிடம் முழுக்க அசையாமல் கேட்டார். பித்தளை இறங்கியதும் என்னைப் பார்த்து, “நீங்கல்லாம் ஊதறதுக்கு முந்தி எப்படிப் பாடறான் பாரு. கடல்ல கத்தினா காத்து தின்னுடும்டா. பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்ற மாதிரிதான் சொல்லணும். அது தெரிஞ்சவன் இவன்” என்றார். பிறகு, அந்தக் குளிர்க்கடலில் என்ன வலை போடுவார்கள் என்று பையனிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் போயாயிற்று. ஐஸ் மெஷின் ஓயாமல் ஓடுகிறது. இப்போது ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் செட்டு ரூம். பையன் பதினோராவது பாட்டைக் கூடவே ஊதுகிறான். டோன் வந்துவிட்டது, மூச்சும் போதும். குரல் முடிகிற இடத்துக்கு மட்டும் இன்னும் அரைத் தட்டு முன்னால் நுழைகிறான்.